டென் பாஸ் நகரின் பின்னன்டீசே: வீடுகளுக்கு அடியில் ஓடும் ஆறு

#1 வரைபடப்பித்தன்

நெதர்லாந்தின் டென் பாஸ் நகருக்குள் ஓடும் பின்னன்டீசே பற்றித் தமிழில் தேடினால் "படகில் போகலாம், அருமையாக இருக்கும்" என்பதைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்வி.

ஆற்றை மூடி அதன் மேல் வீடு கட்டியது யார், நகர நிர்வாகமா, தனியாட்களா? 1629 முற்றுகையில் ஆறுகளையே திசை திருப்பினார்கள் என்கிறார்களே, அது எப்படி நடந்தது? 1960-களில் மொத்தமாக மண் போட்டு மூட இருந்த ஆறு எப்படித் தப்பியது, அந்தச் செங்கல் வளைவுகளை எப்படிச் சரி செய்தார்கள்?

கதை வேண்டாம், விவரம் போதும்.

#2 நீர்மட்டம்

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாக்கிவிடுவோம். இல்லாவிட்டால் மற்ற எதுவும் புரியாது.

டொம்மல் பெல்ஜியத்தில் பேர் என்ற ஊருக்கு அருகே பிறந்து, ஐந்தோவன் வழியாகத் தெற்கிலிருந்து வருகிறது. ஆ என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட ஆறு பேல் சதுப்புநிலப் பக்கம், கிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. இரண்டும் டென் பாஸில் கலந்து டீசே ஆகி, வடக்கே போய் மாஸ் ஆற்றில் விழுகிறது. ஊர் அமைந்திருப்பது இந்தச் சேற்றுநிலத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மணல்மேட்டில். சந்தைத் திடல் அந்த மேட்டில்தான் இருக்கிறது. சுற்றிலும் தாழ்வு.

மதிலுக்குள் ஓடும் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பின்னன்டீசே என்று பெயர். ஒற்றை ஆறு என்று நினைக்காதீர்கள், இது ஒரு வலை. பெரிய ஓடை, சாயக்காரர் ஓடை, ஃபியூக்ட் ஓடை என்று கிளைக்குக் கிளை தனிப்பெயர் உண்டு. சில கிளைகள் இயற்கையானவை, சில வெட்டியவை. இன்னும் சில 13ஆம் நூற்றாண்டின் முதல் மதிலுக்கு அகழியாக இருந்தவை. பின்னால் ஊர் பெருத்து இரண்டாவது மதில் எழும்பியபோது அந்த அகழி ஊருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அதனால்தான் வரைபடத்தில் சில இடங்களில் ஆறு காரணமே இல்லாமல் வட்டமடிப்பது போலத் தெரியும்.

நீர் ஓடும் திசை தெற்கிலிருந்து வடக்கு. தெற்கு மதிலில் க்ரோட் ஹேகல் என்ற நீர்வாயில் இருக்கிறது. வடக்கே துறைமுகப் பக்கம் வெளியே போகிறது.

#3 சுண்ணாம்புக்காரை

முதல் கேள்விக்கு: தனியாட்கள். ஒரே ஆணையில் நடந்ததில்லை, பல நூற்றாண்டுகளாக வீடு வீடாக நடந்தது.

காரணம் இடநெருக்கடி. பிரபாண்ட் டச்சியின் (கோமகன் ஆண்ட நாடு) நான்கு தலைநகரங்களில் டென் பாஸும் ஒன்று, மற்றவை லூவன், பிரஸ்ஸல்ஸ், ஆண்ட்வெர்ப். 1500 வாக்கில் ஊர் நல்ல செழிப்பு. ஆனால் மதிலுக்கு வெளியே சதுப்பு. அதுவே எதிரிக்குத் தடை என்பதால் அங்கே வீடு கட்ட விடமாட்டார்கள். உள்ளே மிச்சமிருந்த ஒரே காலியிடம் ஆற்றின் மேல் உள்ள வெற்றிடம்.

வேலை நடக்கும் முறை இதுதான். எதிரெதிர்க் கரையில் ஒரே ஆளுக்கு இரண்டு மனை இருந்தால் முதலில் மரப்பாலம் போடுவார். அடுத்த தலைமுறை அதைச் செங்கல் வளைவாக மாற்றும். வளைவின் மேல் சமையலறையோ கிடங்கோ வரும், பிறகு அதற்கு மேல் மாடி. பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்குக்கு வேறு உயரத்தில், வேறு அகலத்தில் இன்னொரு வளைவு கட்டுவார். இன்று படகில் அடியில் போகும்போது கூரை சட்டென்று தாழ்வதும் உயர்வதும் அதனால்தான். ஒவ்வொரு இணைப்பும் ஒரு பழைய மனையின் எல்லை. மேலே தெருவிலிருந்து பார்த்தால் ஆறு இருப்பதே தெரியாது. கீழிருந்து பார்த்தால் சொத்துப் பத்திரத்தையே வாசித்துவிடலாம்.

இவ்வளவு ஈரத்தில் சாதாரணச் சுண்ணாம்புக் காரை இறுகாது. ரைன் பக்கத்து ஐஃபல் மலைப்பகுதியில் கிடைக்கும் எரிமலைச் சாம்பல் கல்லை அரைத்து, டிராஸ் என்ற பொடியாகச் சுண்ணாம்பில் கலப்பார்கள். அது நீருக்குள்ளேயே கெட்டிப்படும். நெதர்லாந்தின் பழைய நீர்க்கட்டுமானங்களில் பரவலாகப் பயன்பட்ட கலவை இது.

#4 ரோட்டக்கரை

தனியாட்கள் என்று அறுதியிட்டுச் சொல்வது சரியா? பிரஸ்ஸல்ஸில் சென் ஆற்றை நாற்றம், காலரா என்று சொல்லி நகரமே மூடியது. டென் பாஸிலும் சுகாதாரம்தானே காரணமாக இருந்திருக்கும்?

#5 சுண்ணாம்புக்காரை

@ரோட்டக்கரை இரண்டும் வேறு வேறு. சென் ஆறு 1867 முதல் 1871 வரை, மேயர் ஆன்ஸ்பாக் காலத்தில், ஒரே திட்டமாக மூடப்பட்டது. வீடுகளை இடித்து, ஆற்றைச் சுரங்கத்தில் அடைத்து, மேலே அகலச் சாலை போட்டார்கள். டென் பாஸில் வளைவுகள் பெரும்பாலும் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. நோக்கம் இடம், நாற்றம் அல்ல.

சொல்லப்போனால் வளைவு வந்த பிறகுதான் சுகாதாரம் கெட்டது. மேலே வீடு வந்ததும் கழிப்பறையை நேராக ஆற்றுக்கு மேலேயே வைத்தார்கள். பக்கச் சுவரில் சாய்வான துளைகள் இன்றும் தெரியும். வெளிச்சம் இல்லை என்றால் பாசியோ நீர்ச்செடியோ வளராது, ஆக்சிஜன் உற்பத்தி இல்லை. ஓட்டமும் மெதுவாகிவிட்டால் கழிவு அங்கேயே அழுகிப் படியும். இவை போதாதென்று சாயக்காரர், கம்பளி மிதிப்பவர், தோல் பதனிடுபவர் எல்லாரும் அதே நீரில். மதுவடிப்பவர்களும் அதே நீரைத்தான் நம்பியிருந்தார்கள்!

சுகாதாரக் காரணம் சொல்லி மண் போட்டு மூடியது இங்கேயும் உண்டு, ஆனால் அது பிற்காலம், வேறு கிளைகள். வளைவு கட்டுவது வேறு, தூர்ப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆண்டுக்கணக்கு முழுக்கத் தப்பாகப் போகும்.

#6 கொத்தளம்

இரண்டாம் கேள்வி என் பக்கம்.

1629 மே தொடக்கத்தில் டச்சுக் குடியரசின் தளபதி ஃபிரெடரிக் ஹென்ட்ரிக் படையோடு வந்து சூழ்ந்தார். ஊர் அப்போது ஸ்பெயின் பக்கம், ஆளுநர் குரொபெண்டாங்க் பிரபு. ஊருக்கு "சதுப்பு டிராகன்" என்று பட்டப்பெயர். சுற்றிலும் தண்ணீர் தேங்கி நிற்பதால் பீரங்கியையும் பதுங்குகுழியையும் மதில்வரை கொண்டுபோக முடியாது. அதற்கு முன் செய்த முயற்சிகள் அதனால்தான் தோற்றன.

இம்முறை அவர்கள் ஊரைத் தாக்குவதற்கு முன் தண்ணீரைத் தாக்கினார்கள். ஊரைச் சுற்றிச் சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு மண்கரை. உள்பக்கம் பார்த்த கரை ஊர்ப்படை வெளியே பாய்வதைத் தடுக்க, வெளிப்பக்கம் பார்த்தது மீட்புப் படையைத் தடுக்க. அதே கரைதான் அணையும். டொம்மலையும் ஆ ஆற்றையும் மறித்து, வளையத்துக்கு வெளியே சுற்றிவிட்டார்கள். புதிய நீர் உள்ளே வருவது நின்றது. ஏற்கெனவே தேங்கியிருந்ததைக் குதிரை பூட்டிய இறைப்பு ஆலைகளை வைத்து வெளியேற்றினார்கள். ஏரி வற்றவைப்பதில் பேர்பெற்ற லேக்வாட்டரும் இந்த வேலையில் இருந்தவர். அதாவது நாட்டின் வடக்கே கரை கட்டி நீரை இறைத்து நிலம் எடுக்கப் பழகிய போல்டர் உத்தியை இங்கே போருக்குத் திருப்பினார்கள்.

நிலம் காய்ந்த பக்கம் தெற்கு, ஃபியூக்ட் வாயில் பக்கம். ஜூலையில் அங்கே காவலுக்கு நின்ற இசபெல்லா, அந்தோனி கோட்டைகள் விழுந்தன. செப்டம்பரில் கொத்தளத்தில் வெடிவைத்துப் பிளவு உண்டாக்கினார்கள், 14ஆம் தேதி ஊர் சரணடைந்தது. இடையில் ஸ்பெயின் தரப்பு வேறு பக்கம் படையெடுத்துக் கவனத்தைத் திருப்பப் பார்த்தது. ஆகஸ்டில் வேசல் நகரம் டச்சுக்காரர் கையில் விழ, அதுவும் பலிக்கவில்லை.

வரைபடம் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முற்றுகை முடிந்ததும் அந்தக் கரைகளை உடைத்து ஆறுகளைப் பழைய வழிக்கே விட்டார்கள். ஊர் டச்சுக் கோட்டையாகிவிட்டது, இப்போது அதே சதுப்பு அவர்களுக்கே வேண்டும். 1637-ல் வடக்கே ஐங்கோணச் சிற்றரண் ஒன்றையும் கட்டினார்கள். அதன் பீரங்கிகள் வெளியே மட்டுமல்ல, கத்தோலிக்க ஊரின் பக்கமும் பார்த்தன.

#7 வரைபடப்பித்தன்

நன்றி. அப்படியானால் ஊர் விரியாமல் இருந்தது எதுவரை? இரண்டு நூற்றாண்டு அப்படியே நின்றதா?

#8 நீர்மட்டம்

ஏறக்குறைய அப்படித்தான். 1874-ல் கோட்டைச் சட்டம் வந்து, எந்தெந்த ஊர்கள் இனி அரண் இல்லை என்று அறிவித்த பிறகுதான் மதிலுக்கு வெளியே முறையாகக் கட்ட முடிந்தது.

ஆனால் தண்ணீர்க் கணக்கு அதற்கு முன்பே மாறிவிட்டது. அரசர் முதலாம் வில்லெம் 1822-க்கும் 1826-க்கும் இடையில் மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து டென் பாஸ் வரை ஸௌட் வில்லெம்ஸ்ஃபார்ட் கால்வாயை வெட்டினார். அது ஊரின் கிழக்கு ஓரத்தை ஒட்டியே போகிறது. பெரிய சரக்குப் படகெல்லாம் அங்கே போய்விட்டது. உள்ளே ஓடும் ஆற்றுக்கு வணிக மதிப்பு போயிற்று. இந்தக் கட்டத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் என் கணிப்பில் ஆற்றின் சரிவு இங்கேதான் தொடங்குகிறது. சரக்கு வராத நீரைத் தூர்வார யார் பணம் கொடுப்பார்கள்?

அடுத்தது மேல்நிலை அசுத்தம். டொம்மல் வழியெங்கும் ஆலைகள். எல்லையின் இருபுறமும், பூடல் உட்பட, துத்தநாக உருக்காலைகள். அவற்றிலிருந்து வந்த துத்தநாகமும் காட்மியமும் டொம்மலின் வண்டலில் தங்கிவிட்டன. இதன் நடைமுறை விளைவு கொடியது. தூர்வாரினால் வரும் சேற்றை வயலில் கொட்ட முடியாது. பரிசோதித்து, தரம் பிரித்து, அனுமதி பெற்ற இடத்தில்தான் போட வேண்டும். ஒரு கன மீட்டர் சேற்றுக்கு ஆகும் செலவே பல மடங்காகிவிடும்.

வெள்ளத் தடுப்புக்கும் ஆற்றை நம்ப வேண்டியதில்லை என்றாயிற்று. மாஸுக்குப் புதிய முகத்துவாரமாக பெர்க்ஸ மாஸை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டத் தொடங்கினார்கள், 1904-ல் முடிந்தது. அதில் கொண்டுபோய்விட டிராங்கலென் கால்வாய் 1911 வாக்கில் தயாரானது. டொம்மலின் வெள்ளத்தில் ஒரு பங்கு ஊரைத் தொடாமலே மேற்கே போய்விடுகிறது.

வணிகமும் போய், வெள்ளக் கடமையும் குறைந்து, நாற்றம் மட்டும் மிச்சம். 1960-களில் "தூர்த்துவிடலாம்" என்றவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். டோல்புரூக் பக்கக் கிளைகள் அந்தக் காலத்தில்தான் போயின.

#9 சுண்ணாம்புக்காரை

@நீர்மட்டம் "குற்றம் சொல்லமாட்டேன்" என்றதில் உடன்பாடில்லை. தூர்ப்பது மலிவு என்ற கணக்கே தப்பு.

ஆறுதான் பழைய வீடுகளின் வடிகால். மழைநீர்க் குழாய், நிலவறைக் கசிவு, எல்லாம் அதில் விழுகிறது. தூர்த்தால் முதலில் அத்தனை வீட்டுக்கும் புதுச் சாக்கடை வேண்டும். அடுத்து, வளைவுக்குள் மண்ணை எப்படி நிரப்புவீர்கள்? மேலே வீடு நிற்கிறது, இயந்திரம் இறங்காது, உச்சியில் எப்படியும் வெற்றிடம் விடும். நிரப்பிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சுவருக்கு ஏற்றும். திறந்த கிளைகளைத் தூர்ப்பது சுலபம், அதனால்தான் அவை முதலில் போயின. வீட்டுக்கடியில் இருந்தவை தப்பின. ஊரார் மனம் மாறியது உண்மைதான், ஆனால் ஆற்றை அதுவரை தாக்குப்பிடிக்க வைத்தது அதன் மேல் இருந்த கட்டடங்கள்.

1972-ல் பழைய நகரம் முழுதும் பாதுகாக்கப்பட்ட நகரக்காட்சி என்று அறிவிக்கப்பட்டது. சீரமைப்பு 1973-ல் தொடங்கி 1998 வரை இழுத்தது. 25 ஆண்டு! வேலையின் தன்மை தெரிந்தால் ஆச்சரியம் வராது.

இப்படிப்பட்ட வளைவுக்குப் பொதுவான வேலைமுறை: ஒரு துண்டை இரு முனையிலும் அடைத்து நீரை இறைக்க வேண்டும். இங்கேதான் பெரிய ஆபத்து. கரைச்சுவரை உள்பக்கமிருந்து தாங்கிக்கொண்டிருந்தது நீரின் அழுத்தம். நீரை எடுத்ததும் பின்னால் உள்ள ஈரமண் சுவரை உள்ளே தள்ளும். அதனால் குறுகிய துண்டாக மட்டும் இறைத்து, சுவருக்குச் சுவர் குறுக்கு முட்டுக் கொடுத்து, பிறகுதான் சேறு அள்ளுவார்கள். அடித்தளத்தை ஒட்டி ஆழமாக அள்ளிவிட்டால் சுவரின் கால் வெளியே வந்துவிடும், அதோடு வேலை முடிந்தது.

பிறகு வளைவுக்கு அடியில் மரச்சாரம், வளைவின் வடிவத்துக்கே அறுத்தது. உதிர்ந்த கல்லைப் பிடுங்குவதற்கு முன் சாரம் ஏற வேண்டும். இணைப்புகளைக் குறைந்தது இணைப்பின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, சுண்ணாம்பு-டிராஸ் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரச்சாக்கு போட்டு மெதுவாக உலரவிட வேண்டும். உறைபனிக் காலத்தில் வேலை கூடாது, கலவைக்குள் உள்ள நீர் பனியாகி அதையே பெயர்த்துவிடும்.

#10 கல்தச்சன்_ஐந்தோவன்

சில இடங்களில் சாம்பல் நிறத்தில் கெட்டியான சிமென்ட் இணைப்பு தெரிகிறதே, அது என்ன கணக்கு? இன்னொன்று, எந்தச் சுவர் எந்தக் காலம் என்று கல்லை வைத்துச் சொல்ல முடியுமா?

#11 சுண்ணாம்புக்காரை

சாம்பல் நிறம் என்றால் பிற்காலத்து அவசர ஒட்டு. போர்ட்லண்ட் சிமென்ட் பழைய மென்செங்கலை விடக் கெட்டி. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும், குளிரில் கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: இணைப்பு மட்டும் கூடு போல நீட்டிக்கொண்டு, நடுவில் கல் குழிந்திருந்தால் அதுதான் நோய்.

காலக்கணிப்புக்கு எளிய வழி அளவு. நெதர்லாந்தில் செங்கல் காலப்போக்கில் சிறுத்துக்கொண்டே வந்தது. 13ஆம் நூற்றாண்டுக் கல் நீளத்தில் 28-30 செ.மீ. இருக்கும். 17ஆம் நூற்றாண்டுச் சிறு கல் 16 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கல்லை மட்டும் அளக்காதீர்கள், கையால் அறுத்த கல் ஒன்றுபோல் இருக்காது. இணைப்போடு சேர்த்துப் பத்து வரிசை உயரத்தை அளந்து ஒப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

எச்சரிக்கை: பெரிய கல் இருந்தால் சுவர் பழையது என்று பாய்ந்துவிடக் கூடாது. இடித்த மதிலின் கல்லை எடுத்து வீட்டுக்குப் போடுவது சர்வசாதாரணம். மறுபயன்பாடு என்றால் கல்லின் ஓரம் உடைந்திருக்கும், அளவுகள் கலந்திருக்கும், வரிசைக்கு வரிசை உயரம் மாறும்.

#12 கொடிவேர்

ஒரு சிறு சேர்க்கை. கரைச்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பிளவுபடாத நீள இலையோடு பளபளப்பாக ஒரு பெரணி தெரிந்தால் அது நாக்குப் பெரணி. நெதர்லாந்தில் இதுபோன்ற பழைய கரைச்சுவர்கள் அதற்கு முக்கியமான இருப்பிடம். சுண்ணாம்பு இணைப்பும் நிரந்தர ஈரமும் நிழலும் இருந்தால்தான் பிடிக்கும், சிமென்ட் பூசிய இடத்தில் வராது. சீரமைப்பில் சுவரை ஒரே வீச்சில் சுரண்டினால் மொத்தமும் போய்விடும். செடி இருக்கும் இணைப்பை அப்படியே விட்டு, சுற்றிலும் வேலை செய்துவிட்டு, விதைத்தூள் புதிய சுண்ணாம்பில் பரவச் சில ஆண்டுகள் கொடுக்க வேண்டும்.

#13 ரோட்டக்கரை

சரி, பிரஸ்ஸல்ஸ் ஒப்பீட்டை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இன்று வெள்ளம் வந்தால்? 1995-ல் டென் பாஸ் அருகே ஏ2 நெடுஞ்சாலையே முழுகியதே. அப்போது இந்த வளைவுகள் நிரம்பாதா?

#14 நீர்மட்டம்

இந்த ஊரின் வெள்ளம் இரண்டு பக்கமும் நெருக்கும். தெற்கே பிரபாண்டில் மழை கொட்டினால் டொம்மலும் ஆ ஆறும் உயரும். அதே வாரத்தில் ஆர்டென் மலையில் பெய்த மழை மாஸில் வந்து சேர்ந்தால், டீசே போய் விழ வேண்டிய இடமே உயர்ந்து நிற்கும். டீசே மாஸில் சேரும் க்ரெவ்கேர் பக்கம் வாயிலை மூடினால்தான் மாஸ் உள்ளே வராமல் இருக்கும், மூடினால் உள்ளூர் நீர் வெளியேறாது. 1995 ஜனவரி-பிப்ரவரியில் நடந்தது இதுதான்.

தீர்வு இறைப்பது அல்ல, தேக்குவது. தெற்கு மதிலை ஒட்டிய பாஸ்ஸ புரூக் என்ற ஈரப்புல்வெளியும் ஃபியூக்ட் பக்கத்துத் தாழ்நிலமும் அவசரத் தேக்கமாக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் எதிரியை நிறுத்திய அதே சதுப்பு. கட்டடம் எழும்பாமல் விட்டதால்தான் இன்று அது பயன்படுகிறது. மதிலின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் உடனே புல்வெளி. ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய ஊருக்கு இப்படி ஓரம் கிடைப்பது அபூர்வம்.

பின்னன்டீசேயின் மட்டத்தைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறார்கள். அதிகம் உயர்ந்தால் நிலவறைகளுக்குள் நீர் வரும், அதிகம் இறங்கினால் சுவரின் கால் வெளியே தெரியும், எங்காவது மரக்கட்டை அடித்தளம் இருந்தால் காற்றுப் பட்டு உளுத்துப்போகும். முழுக்க நீருக்குள் இருக்கும் மரம் நூற்றாண்டுகள் தாங்கும், ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால்தான் கேடு. அதனால் மட்டத்தில் நிலைத்தன்மைதான் முக்கியம்.

#15 வரைபடப்பித்தன்

தூர்ந்துபோன கிளைகளை வரைபடத்தில் தேட எங்கே தொடங்குவது?

#16 கொத்தளம்

16ஆம் நூற்றாண்டுக்கு யாகோப் ஃபான் டெவென்டர் வரைந்த நகரப்படம். 17-க்கு 1649-ல் வந்த பிளாவ் நகர அட்லஸ், அழகு கூடுதல், துல்லியம் குறைவு. வேலைக்கு ஆவது 1832 நிலவரிப் படம்தான். மனை மனையாக அளந்தது, இணையத்தில் இலவசம். அதை இன்றைய படத்தின் மேல் பொருத்துங்கள். பொருத்தும்போது தேவாலய மூலைகளை நிலைப்புள்ளியாக வையுங்கள், தெருமூலைகள் நகர்ந்திருக்கும். சிண்ட் யான் பேராலயம் போதுமான அளவு பெரியது, ஆனால் அது ஒன்றையே வைத்தால் ஊரின் மறுகோடி திரும்பிவிடும். குறைந்தது நான்கு புள்ளி, ஊரின் நான்கு பக்கமும்.

பிறகு தேட வேண்டியது நேர்கோட்டை அல்ல. கொல்லைப்புற எல்லைகள் தொடர்ச்சியாக வளைந்து போனால் அடியில் பழைய நீர்வழி இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டின் உயரப்படமான ஏஹெச்என்-ஐயும் திறந்து சந்தேகமுள்ள இடத்தில் குறுக்குவெட்டு போட்டுப் பாருங்கள். கட்டடத்துக்கடியில் அது உதவாது, முற்றத்திலும் தெருவிலும் உதவும்.

நேரில் பார்க்கிறவர்களுக்கு: படகை நடத்துவது க்ரிங் ஃப்ரீண்டன் என்ற ஊர்க்காரர் சங்கம், ஓட்டுநர்கள் தன்னார்வலர்கள், புறப்பாடு மோலென்ஸ்ட்ராட்டில். குளிர்காலத்தில் வழக்கமான ஓட்டம் கிடையாது. விடுமுறை நாளில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். வளைவின் கூரைக்கும் தலைக்கும் இடைவெளி சில இடங்களில் மிகக் குறைவு, குனியச் சொன்னால் உடனே குனிய வேண்டும். பத்து வரிசை அளக்கும் ஆசை இருந்தால் படகில் வேண்டாம், டேப்போடு கையை வெளியே நீட்ட விடமாட்டார்கள். தெருவிலிருந்து ஆறு தெரியும் பாலங்களில் கரைச்சுவரைப் படமெடுத்து வந்து கணக்குப் போடுங்கள்.